முப்பத்தொரு ஹெர்ட்ஸ்

ஒசாகா. நிப்பொன்பாஷி. இரண்டாம் மாடியில் கடை.
ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று
மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.
வருகிறவர்கள் ஒரே சொல்லோடுதான் படியேறுகிறார்கள்:
பாஸ்.
எவ்வளவு என்று கேட்டால்
தப்பிய மீனின் நீளம் காட்டுவதுபோலக்
கைகளை விரிக்கிறார்கள்.

உசாமி விரிக்கவில்லை.
தொடைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து
'இங்கே' என்றாள்.

சாலை உருளை ஓட்டுகிறவள்.
இரவு பத்துக்குமேல் தார் கொட்டுவார்கள்,
விடியுமுன் அழுத்தி முடிக்கவேண்டும்.
ஏழு மணிநேரம் இருக்கை நடுங்கும்
இடுப்பெலும்பு நடுங்கும்
மூடிய குப்பிக்குள் தேநீர் நடுங்கும்.
வேலையில்லாத இரவுகளில்
சாவி பிடுங்கிய இயந்திரமாய் உடம்பு கிடக்கிறது,
தூக்கம் அண்டுவதில்லை.
ஸ்பீக்கர் வாங்கிப் பார்த்தாளாம்.
பக்கத்து அறைக்காரர் தும்மினால்
படுத்தபடியே நூறாயுசு சொல்லலாம், அப்படிப்பட்ட சுவர்.
மூன்றாம் நாள் கதவில் ஒரு சீட்டு,
மிக மிக மரியாதையான கையெழுத்தில்.

முதலில் முதுகு திறந்த ஹெட்போனைக் கொடுத்தேன்.
விலை அதிகம். வயலினின் ரோமம்கூடக் கேட்கும்.
'இது ஜன்னல்' என்று திருப்பித் தந்தாள்.

அடுத்தது பையன்கள் பெயர் சொல்லிக் கேட்பது,
பெட்டியிலேயே மின்னல் படம்.
'கதவை உடைத்துக்கொண்டு வருகிறான்.
வந்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை.'

மூன்றாவது மூடிய வகை. கறுப்பு.
பழைய மாடல், அட்டைப்பெட்டி தொலைந்துபோனது.
வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.
'இருக்கிறது. ஆனால் எங்கோ ஒழுகுகிறது.'

முப்பத்தொன்றை ஏற்றினேன். பொருமியது.
இன்னும் ஏற்றினேன், முரசு கிழிந்து கரகரத்தது.
புதிதாக வருகிறவன் செய்கிற தப்பு;
பத்து வருடம் கழித்து நானும்.
ஏற்றியதையெல்லாம் இறக்கினேன்.
இருநூற்றைம்பதில் கொழுத்துக் கிடந்ததை
மூன்று டெசிபல் வழித்துப் போட்டேன்.
பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஆறு தாழ்த்தினேன்.
இடிக்கும் விழ இடம் வேண்டுமே.

அப்போதும் தலையாட்டினாள், இல்லையென்று.

குழாய்க்காரன்போல அவளைச் சுற்றிவந்தேன்.
காதுக்குமேல் கண்ணாடிக் காம்பு.
மெத்தைக்கும் மண்டைக்கும் நடுவே
ஓர் அரிசி நுழையும் சந்து.
ஒரு கிணறு முழுக்க
அதன்வழியே போய்க்கொண்டிருந்தது.

'கழற்றிவிடுங்கள்.'

கழற்றினாள்.
எதிரே நான் கரைந்திருப்பேன்
விலைச்சீட்டுகளும் கரைந்திருக்கும்.
இடது தோள் இறங்கியது. கொஞ்சம் பொறுத்து வலது.
பாட்டு என்று எதுவுமில்லை,
சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒற்றைச் சுரம்,
ஏறாது, இறங்காது, யாரும் அரை நிமிடம் தாங்கமாட்டார்கள்.
மாற்றப்போனேன்.
வேண்டாம் என்று விரல் அசைந்தது.

ஒன்று சொல்லியிருக்கவேண்டும்:
இது தலையில் உட்கார்ந்து வேலை செய்கிற சாமான்,
கழுத்துக்குக் கீழே இதற்கு அதிகாரம் கிடையாது,
தொடைவரை போகாது அம்மா என்று.
சொல்லுமுன் தூங்கிவிட்டாள்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. இருபதும் முடிந்தது.
வரிசையில் நின்ற ஹிகாசா என்ற மாணவன்
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான்.
அவனுக்கு அந்த ஜன்னலைக் கொடுத்து
ஓரமாக உட்காரவைத்தேன்.
பாஸ் கேட்டு வந்தவன்
அதையே வாங்கிக்கொண்டும் போனான், பாவம்.

கவிழ்ந்திருந்த அவள் கை
மெல்ல மல்லாந்தது.

விழித்ததும் வெட்கப்பட்டாள், நோட்டுகளை எண்ணினாள்,
பெட்டியில்லாததற்கு நானே கழித்துக்கொண்டேன்.
நான் போட்டுத்தந்த அளவுகளை
ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு
கைப்பிடிச் சுவரைத் தடவியபடி படியிறங்கினாள்.

விளக்கணைக்கும்போது பார்த்தேன்,
திருகுகளுக்குப் பக்கத்தில் அவள் கண்ணாடி.
அழைத்தேன். நெடுநேரம் மணியடித்தது.

'அங்கேயே இருக்கட்டும்.
வேலைக்கு வேறொன்று வைத்திருக்கிறேன்.
அது ராத்திரி தூக்கம் வராமல்
டிவி பார்க்கிற கண்ணாடி.'